அமெரிக்க வீரனின் குடும்பம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், நான் சுவிஸுக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் கணவர் வேலையிலிருந்து சிரித்துக்கொண்டு வந்தார். அவர் அப்படி வருவது குறைவு. ரயில் நிலையத்துக்கு முன்னாலிருந்த ஓர் உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவுவதும் மரக்கறி வெட்டுவதும் அவருடைய வேலை. வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் நிலத்திலேயே இருப்பார். அன்றைக்குச் சப்பாத்தோடு வாசலில் நின்றபடியே, "பின்னேரம் வெளிக்கிடும். ஒரு இடத்துக்குப் போறம்," என்றார்.

"எங்க, பூம்ப்ளிசுக்கோ?"

பேர்ண் நகரின் ஓரத்தில், பூம்ப்ளிசில் அவருடைய அக்கா குடும்பம் இருந்தது. நாங்கள் உடுத்துக்கொண்டு வெளிக்கிடுவதென்றால் அங்கேதான். நாங்கள் இருந்ததோ அங்கிருந்து மேற்கே, பிரெஞ்சு பேசுகிற பக்கத்தில் ஒரு சிறிய நகரம். அதன் பெயரை விட்டுவிடுகிறேன்.

"இல்லை. மட்ச் பாக்க."

உணவக முதலாளி உள்ளூர்க் கூடைப்பந்து அணிக்கு உதவி செய்கிறவர்களில் ஒருவர். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவருக்கு இருக்கைகள் ஒதுக்கி வைப்பார்கள். அன்றைக்கு அவருக்கு வீட்டில் ஏதோ விசேஷம். அவர் போகாத நாட்களில் வழக்கமாக அந்த நுழைவுச்சீட்டுகள் சாப்பாடு பரிமாறுகிற பெண்களுக்குத்தான் போகுமாம். இந்தமுறை முதலாளி குசினிக்குள் வந்து, என் கணவரின் தோளில் தட்டி, அவருடைய கையில் கொடுத்திருக்கிறார். என் கணவருக்கு மட்ச் பெரிய விஷயமாக இல்லை. தோளில் தட்டியதுதான் பெரிய விஷயம். அதைச் சாப்பிடும்போதும் சொன்னார், சவரம் செய்யும்போதும் சொன்னார்.

என்ன உடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அந்த நாட்டில் அதுவரை நான் போயிருந்த பெரிய மண்டபங்கள் எல்லாம் கல்யாண மண்டபங்கள், பெண்பிள்ளைகள் பெரியவளானதற்குச் செய்கிற சாமத்தியச் சடங்கு மண்டபங்கள். அவரைக் கேட்டேன். "முதலாளியின்ர சீற்றில இருக்கப் போறம். நல்லதா உடும்," என்றார். கல்யாணக் கூறைச்சேலைக்கு அடுத்ததாக அவருடைய அக்கா எடுத்துத் தந்த மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலையை உடுத்தேன். தாலிக்கொடியை வெளியே எடுத்துவிட்டேன். மேலே குளிர்க்கோட்டு. அவர் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டும் சூட்டும் போட்டு, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டார். வழியெல்லாம் பனி சேறாகிக் கிடந்தது. சேலைக்கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

மண்டபம் நகரத்தின் நடுவிலேயே இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய பள்ளிக்கூடக் கட்டடம் மாதிரி. உள்ளே நுழைந்ததும் வாட்டிய இறைச்சியும் உருகிய சீஸும் நனைந்த கம்பளியும் கலந்த ஒரு வாசம். எல்லோரும் காற்சட்டையும் ஸ்வெட்டரும் போட்டு, கழுத்தில் அணியின் நிறத்தில் சால்வை சுற்றியிருந்தார்கள். பிள்ளைகளின் கன்னங்களில்கூட அதே நிறம் பூசியிருந்தது. ஒருவர் மாட்டுக்குக் கட்டுகிற பெரிய மணியைக் கையில் வைத்திருந்தார். பட்டும் சூட்டுமாக நின்றது நாங்கள் இரண்டு பேர்தான். என்னுடைய கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டேன்.

சீட்டைக் கிழிக்கிற இடத்தைத் தாண்டியதும், கழுத்துப்பட்டி கட்டிய ஒரு பெரிய மனிதர் எங்களைக் கண்டு வேகமாக வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. என் கணவரின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் ஏதோ நீளமாகச் சொல்லி, கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். அதில் 'ஃபமீய்' என்ற சொல் மட்டும் எனக்கும் கேட்டது.

"வுய், வுய்," என்றார் என் கணவர். "ஃபமீய்."

"என்ன கேக்கிறார்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நீங்கள் குடும்பமோ எண்டு கேக்கிறார். ஓம் எண்டு சொன்னன்."

பிரெஞ்சில் தனக்கு விளங்காத எதற்கும் 'வுய்' என்று சொல்லிவிடுவது அவருடைய வழக்கம். குசினியில் அது ஒருபோதும் பிழையாய்ப் போனதில்லை என்பார். இல்லை என்றால் திரும்பக் கேட்பார்கள், ஓம் என்றால் போய்விடுவார்கள். எனக்கு யாழ்ப்பாணத்தில் ரியூசன் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம் இருந்தது. பிரெஞ்சு அப்போதுதான் வகுப்பில் படிக்கத் தொடங்கியிருந்தேன். அந்தப் பெரிய மனிதர் கதைத்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. குடும்பமா என்று கேட்டால் ஓம் என்பதில் என்ன பிழை என்றுதான் நானும் நினைத்தேன்.

அவர் எங்களை முன்னே நடத்திக்கொண்டு போனார். வாங்குகளில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தவர்களைத் தாண்டி, ஆடுதளத்தின் ஓரத்திலேயே, வீரர்கள் இருக்கிற வாங்குக்குப் பின்னால், சிவப்புத்துணி போர்த்திய இரண்டு கதிரைகளில் இருத்தினார். என் கோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு பெண் வந்து என் மடியில் பெரிய பூங்கொத்து ஒன்றை வைத்து, குனிந்து இரண்டு கன்னங்களிலும் முத்தமிட்டாள். இன்னொருவர் ஒரு தட்டில் சீஸும் ரொட்டியும், கண்ணாடிக் கிண்ணங்களில் வெள்ளை வைனும் கொண்டுவந்தார். வைனை நான் தொடவில்லை. சீஸை என் கணவர் சாப்பிட்டார். நானும் ஒரு துண்டு எடுத்தேன்.

"முதலாளிக்கு இவ்வளவு மரியாதை போல," என்றேன்.

"பின்ன?" என்றார். முதுகை நிமிர்த்தி, ஒரு காலின் மேல் மற்றக் காலைப் போட்டுக்கொண்டார். அவர் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

வீரர்கள் பந்து எறிந்து பழகிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு உயரமான மனிதர்களை நான் அதற்கு முன் கிட்டத்தில் கண்டதில்லை. எங்கள் அணியில் ஒருவர் மட்டும் கறுப்பர், அமெரிக்காவிலிருந்து சம்பளத்துக்கு ஆட வந்தவர். எல்லோருக்கும் மேலாக அவருடைய தலை தெரிந்தது. அவர் பந்தைப் பிடிப்பதும் எறிவதுமாக இருந்தாலும், கண் அடிக்கடி வாசல் பக்கம் போய் வந்தது.

விளக்குகள் அணைந்தன. ஒலிபெருக்கியில் ஒவ்வொரு வீரனாகப் பெயர் சொல்லி அழைத்தார்கள். மேளமும் மாட்டு மணிகளும் சேர்ந்து கால் வழியாக உடம்புக்குள் ஏறின. கோயில் திருவிழாவில் சுவாமி வெளிவீதி வரும்போது வருமே, அப்படி ஒரு சிலிர்ப்பு எனக்கு. கடைசியாக அந்த அமெரிக்கரின் பெயரைச் சொன்னார்கள். மண்டபம் அதிர்ந்தது. அதோடு அறிவிப்பாளர் நிறுத்தவில்லை. இன்னும் ஏதோ சொன்னார். 'ஃபமீய்' என்றார், 'அமெரீக்' என்றார். ஒரு வெளிச்சம் வட்டமாக வந்து எங்கள் மேல் விழுந்தது. சனம் முழுக்கத் திரும்பி எங்களைப் பார்த்துக் கைதட்டியது.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"வெளிநாட்டுக்காரரை வரவேற்கினமாம்," என்றார் என் கணவர்.

பக்கத்தில் நின்ற அந்தப் பெரிய மனிதர் எழும்பச் சொல்லிக் கைகாட்டினார். என் கணவர் எழும்பிக் கையை உயர்த்தி அசைத்தார். நானும் எழும்பினேன். என்ன செய்வதென்று தெரியாமல், பூங்கொத்தைக் கதிரையில் வைத்துவிட்டு, அந்த மண்டபத்துக்கே இரண்டு கைகளையும் கூப்பிக் கும்பிட்டேன். கைதட்டல் இன்னும் கூடியது. ஒரு குழந்தை எங்களைப் பார்த்துச் சால்வையை ஆட்டியது.

ஆடுதளத்தின் நடுவில் நின்ற அமெரிக்கர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பயிற்சியாளரிடம் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். பயிற்சியாளர் கையை விரித்துவிட்டு, போய் நில் என்பதுபோல நடுவைக் காட்டினார். விசில் ஊதியது.

பள்ளிக்கூடத்தில் நான் வலைப்பந்து ஆடியிருக்கிறேன். அதில் பந்து கைக்கு வந்தால் நின்ற இடத்தில் நின்றுதான் எறிய வேண்டும். இவர்களோ பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினார்கள். ஒருவரை ஒருவர் இடித்தார்கள். நடுவர் ஏன் மறிக்கவில்லை என்று முதலில் எனக்குப் பதற்றமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த ஓட்டத்தின் தாளம் பிடிபட்டது. சப்பாத்துகள் மரத்தளத்தில் கிரீச்சிடுவது, பந்து வலையை மட்டும் தொட்டு விழுகிற சத்தம், அதற்கு ஒரு கணம் பிந்தி எழும்புகிற சனத்தின் சத்தம். பின்வரிசைக் கிழவர் ஒருவர் நடுவரைத் திட்டினார். திட்டு என்பது மட்டும் மொழி தெரியாமலே விளங்கியது. எதிரணி பந்தை எறியப் போனால் எல்லோரும் காலால் பலகையை உதைத்தார்கள். என் கணவரும் உதைத்தார். நானும் யாருக்கும் தெரியாமல் சேலைக்குள் காலை மெல்லத் தட்டிப் பார்த்தேன்.

அமெரிக்கர் நன்றாக ஆடவில்லை. பந்து அவருடைய கையிலிருந்து நழுவியது. ஒருமுறை தனக்கு எறிந்த பந்தைக் கவனிக்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பந்து தோளில் பட்டு வெளியே போனது. சனம் முனகியது. எங்களைக் கடந்து ஓடுகிற ஒவ்வொரு தடவையும் அவருடைய கண் எங்கள் மேல் விழுந்தது.

"எங்களைத்தான் பாக்கிறான்," என்றார் என் கணவர், பெருமையாக. பெருவிரலை உயர்த்தியும் காட்டினார்.

இடைவேளை விசில் ஊதியபோது எங்கள் அணி பின்தங்கியிருந்தது. வீரர்கள் வரிசையாக உடைமாற்றும் அறைக்குப் போனார்கள். அந்த வரிசை வாசலுக்குப் பக்கத்தால் போக வேண்டும். அமெரிக்கர் திடீரென்று வரிசையை விட்டு விலகி ஓடினார். திறந்திருந்த கதவுக்கு அப்பால், இறைச்சி விற்கிற மேசைக்குப் பக்கத்தில், ஒரு வயதான கறுப்பினப் பெண் பெரிய பயணப்பெட்டி ஒன்றின் மேல் இருந்தார். மண்ணிறக் கோட்டு, தலையில் சிறிய நீலத் தொப்பி. அவர் எழும்புவதற்குள் மகன் குனிந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதர் குனிந்து நின்ற அந்த நிலையிலேயே தோள் குலுங்கியது.

அந்தத் தாய் ஏன் வெளியிலேயே இருந்தார் என்பதை அவருடைய வாயாலேயே கேட்டேன். சத்தமாகத்தான் சொன்னார். விமானம் பிந்தி, பேர்ணில் ரயிலையும் தவறவிட்டு வந்திருக்கிறார். கதவடியில் தான் இன்னாரின் தாய் என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். சீட்டுக் கிழிப்பவர், "குடும்பம் முதலே உள்ளே போய்விட்டது," என்று சொல்லி மறித்துவிட்டாராம்.

"எனக்குத் தெரியாமல் உனக்கு எந்தக் குடும்பமடா?" என்று மகனைக் கேட்டார்.

அந்த வசனம் எனக்குள் இறங்க ஒரு கணம் எடுத்தது. இறங்கியதும், கதவடியில் கேட்ட கேள்வி, பூ, முத்தம், வெளிச்சம், கைதட்டல் எல்லாம் ஒன்றின்பின் ஒன்றாக விளங்கியது. கும்பிட்டதும் நினைவுக்கு வந்தது. என் காதுகள் நெருப்பாகிவிட்டன.

கழுத்துப்பட்டி கட்டிய பெரிய மனிதர் அந்தத் தாயையும் மகனையும் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். அவருடைய முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. அவரைத் தொடர்ந்து முன்வரிசை பார்த்தது. அடுத்த வரிசை பார்த்தது. எங்கேயோ மேலே ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு வாங்கு வாங்காகக் கீழே இறங்கி வந்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். நல்ல பகிடி கேட்டவர்களின் சிரிப்புத்தான். ஆனால் பகிடி நாங்கள்.

என் கணவருக்கு இன்னும் விளங்கவில்லை. சுற்றிப் பார்த்துத் தானும் சிரித்தார்.

"எங்களை அவன்ர ஆக்கள் எண்டு நினைச்சுத்தான் இதில இருத்தியிருக்கினம்," என்றேன். "அவன்ர உண்மையான தாய் அங்க நிக்கிறா. இது அவவின்ர கதிரை."

அவர் கையிலிருந்த ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்தார். கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார். கண் நிலத்தை விட்டு எழும்பவில்லை.

"வாரும், போவம்," என்றார்.

நான் பூங்கொத்தைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன். அதற்குள் பெரிய மனிதர் தாயைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். என் கணவரிடம் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டார் போல. என் கணவர் அதற்கும் 'வுய், வுய்' என்றார். நான் பூவை அந்தத் தாயிடம் நீட்டி, "இது உங்களுக்கு வைத்திருந்தது. எங்களுக்குத் தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் பூவை வாங்கவில்லை. என் சேலையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "உன் கையில்தானே தந்தார்கள். நீயே வைத்துக்கொள்," என்றார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். "எங்கே போகிறாய்? ஆட்டம் இன்னும் முடியவில்லையே."

"இது உங்கள் இடம்."

"எனக்கு ஒரு கதிரை போதும். அவ்வளவு பெரிய உடம்பில்லை என்னுடையது," என்றார். பெரிய உடம்புதான்.

என் கணவர் நிற்கவில்லை. என் கண்ணைப் பார்க்காமல், "நான் வெளியில நிக்கிறன்," என்று சொல்லிவிட்டு, அந்தச் சனத்துக்கு முன்னால் கோட்டும் சூட்டுமாக நடந்து போனார். அவருக்குப் பின்னால் ஓடியிருக்க வேண்டும் என்று என் கால் சொன்னது. மணிக்கட்டிலிருந்த அந்தக் கை விடவில்லை. பிடித்து இழுத்து இருத்தியது. இருந்தேன்.

இரண்டாவது பாதியை அவருக்குப் பக்கத்தில் இருந்துதான் பார்த்தேன். என் கன்னத்தின் சூடு ஆறவில்லை. எல்லோரும் என் முதுகைப் பார்ப்பது போலவே இருந்தது. அவரோ கோட்டைக் கழற்றிப் பயணப்பெட்டியின் மேல் போட்டுவிட்டு, வந்த களைப்பையும் மறந்து கத்தத் தொடங்கினார். "கால், கால், காலை அசை," என்று கத்தினார். மகன் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். அதற்குப் பிறகு அவர் ஆடியது வேறு ஆட்டம். பந்து கையில் ஒட்டிக்கொண்டது போல ஓடினார், உயரத்துக்குப் பாய்ந்து வளையத்துக்குள் பந்தைத் திணித்தார். மண்டபம் எழும்பி நின்றது. தாயும் எழும்பி என்னையும் கூடவே எழுப்பினார்.

நடுவில் ஆட்டம் நின்ற ஒரு நேரத்தில், "எந்த ஊர்?" என்று கேட்டார். சொன்னேன். அப்படி ஒரு நாடு இருப்பது அவருக்குத் தெரியவில்லை. எவ்வளவு தூரம், அங்கே குளிருமா, உன் அம்மா எங்கே என்று கேட்டார். அம்மா ஊரில்தான், கதைத்துக் கனநாள், போன் வேலை செய்வதில்லை என்றேன். அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னையும் இன்றைக்கு விமான நிலையத்தில் ஒருவன் பாட்டுக்காரி என்றுதான் நினைத்தான்," என்றார் கொஞ்சம் கழித்து. "எங்கே பாடப் போகிறீர்கள் என்று கேட்டான். நான் தபால் கந்தோரில் வேலை செய்கிறவள். பாடினால் என் வீட்டு நாயே எழும்பிப் போய்விடும்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரவில்லையே என்பதும் ஒரு கூச்சமாக இருந்தது.

கடைசிக் கட்டத்தில் எங்கள் அணி ஒரு புள்ளி மட்டும் குறைவு என்ற அளவுக்கு நெருங்கிவிட்டது. மகனுக்கு இரண்டு தடவை தடையில்லாமல் எறிய வாய்ப்புக் கிடைத்தது. மண்டபம் மூச்சை அடக்கியது. முதலாவது பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது. இரண்டாவதும் வெளியே விழுந்தது. "சின்ன வயதிலிருந்தே இது இவனுக்கு வராது," என்றார் தாய், யாரிடமும் இல்லாமல். விசில் ஊதியது. தோற்றுவிட்டோம். சனம் சால்வைகளைக் கழற்றி மடித்துக்கொண்டு அமைதியாக வெளியேறியது.

என் கணவர் கதவடியில் என் கோட்டை வைத்துக்கொண்டு நின்றார். நான் பூங்கொத்தோடு வந்ததை அவர் விரும்பவில்லை. கோட்டை என் தோளில் போட்டுவிட்டு முன்னே நடந்தார். வழியிலிருந்த பாலத்தைத் தாண்டினோம். தாண்டிய பிறகு, "எங்களைப் போய்க் காப்பிலியள் எண்டு நினைச்சிட்டாங்கள்," என்றார்.

கறுப்பினத்தவரைத் தாழ்த்திச் சொல்கிற அந்தச் சொல் எங்கள் ஆட்கள் நடுவில் சாதாரணமாகப் புழங்குவது. பூம்ப்ளிஸ் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொல்வார்கள். நானும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். அன்றைக்கு, அந்தப் பெண்ணின் கைச்சூடு என் கையில் இன்னும் இருக்கும்போது அது என் மேல் வந்து விழுந்தது.

"அந்த மனுசி தன்ர கதிரையில என்னை இருத்தினவ," என்றேன். "அவவுக்கு முன்னால இதைச் சொல்லுவீங்களோ?"

"நீர்தான் அங்கயே இருந்திட்டீரே. நான் வெளியில கோட்டுத் தூக்கிக்கொண்டு நிண்டன். வாறவன் போறவன் எல்லாம் என்னைப் பாத்துச் சிரிச்சவங்கள்."

அவருடைய குரல் உடைந்திருந்தது. கோபம் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார். கல்யாணச் சூட்டில், சேற்றுப் பனிக்குள் நின்று, முகத்தை மறைக்கக்கூடத் தோன்றாமல் அழுதார். எனக்கு அவருடைய கையைப் பிடிக்கவும் தெரியவில்லை, விட்டுவிட்டு நடக்கவும் தெரியவில்லை. வீதியில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுதான் முதலில் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெரிய மனிதர், சீட்டை வைத்து விசாரித்து, உணவகத்துக்கே வந்துவிட்டார். நடந்ததற்கு முறையாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற நல்ல எண்ணம் அவருக்கு. முதலாளியும் பரிமாறுகிற பெண்களும் சமையல்காரரும் கூடி நிற்க, என் கணவரைக் குசினியிலிருந்து வெளியே கூப்பிட்டு, நடந்ததை முழுவதும் சொல்லி, கைகொடுத்து, அணியின் சால்வை ஒன்றைக் கழுத்தில் போட்டுவிட்டிருக்கிறார். அதுவரை அங்கே யாருக்கும் கதை தெரியாது. அன்றிலிருந்து என் கணவரின் பெயர் 'அமெரிக்கன்' ஆகிவிட்டது. கோப்பைகளைக் கொண்டுவந்து வைக்கிறவர்கள், "அமெரிக்கன், உன் தம்பி எப்படி ஆடுகிறான்?" என்று கேட்டார்களாம். முதலாளி கேட்கும்போது மட்டும் தோளில் தட்டிக் கேட்டாராம்.

இதையெல்லாம் அவர் எனக்கு உடனே சொல்லவில்லை. கோடைக்கு முன், அந்த உணவகத்தை விட்டு முதியோர் இல்லமொன்றின் சமையலறைக்கு மாறிய பிறகுதான் துண்டு துண்டாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் கடைசியாகச் சொன்னது இது. ஆட்டம் நடந்த அடுத்த வாரமே அந்தத் தாயும் மகனும் உணவகத்துக்குச் சாப்பிட வந்திருக்கிறார்கள். வந்து, இங்கே வேலை செய்கிற இலங்கைக்காரரைப் பார்க்கலாமா, அவருடைய மனைவி சுகமா என்று கேட்டிருக்கிறார்கள். பரிமாறுகிற பெண் வந்து சொன்னதும், இன்றைக்கு லீவு என்று சொல்லச் சொல்லிவிட்டு, இவர் உருளைக்கிழங்கு வைக்கிற நிலவறைக்குள் இறங்கி நின்றிருக்கிறார்.

"மேல வந்து கதவுக் கண்ணாடியால பாத்தன்," என்றார். "மனுசி பாதிச் சாப்பாட்டை விட்டிட்டுது. அந்தக் கோப்பையை நான்தான் கழுவினன்."

"என்னிட்ட சொல்லியிருக்கலாமே. நான் வந்து கதைச்சிருப்பனே."

"அதுதான் சொல்லேல்லை."

அதற்குள் அந்தத் தாய் ஊருக்குப் போய்ச் சேர்ந்து எத்தனையோ மாதம். மகனும் அந்தப் பருவத்தோடு வேறு நாட்டு அணி ஒன்றுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். இருவருடைய முகவரியும் எனக்குத் தெரியாது. அந்தத் தாயின் பெயர்கூட முதற்பெயர் மட்டும்தான் தெரியும்.

இரண்டு மூன்று வருடம் கழித்து, ஜெர்மன் பேசுகிற பக்கத்தில், எம்மன்புரூக்கே என்ற ஊரில் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடிந்து, பந்திக்குக் காத்துக்கொண்டு நீள மேசைகளில் இருந்தோம். எதிரில் இருந்த இளைஞன், லுட்சேர்ன் பக்கத்தில் ஏதோ தொழிற்சாலையில் வேலை செய்கிறவன், மேசைக்கு ஒரு பகிடி சொன்னான்.

"பிரெஞ்சுப் பக்கம் ஒரு தமிழன் மட்ச் பாக்கப் போயிருக்கிறான். கறுப்பு நிறம்தானே, அங்க ஆடுற அமெரிக்கன்ர தமையன் எண்டு நினைச்சு முன்னுக்கு இருத்திப் போட்டாங்கள். இவனும் ஓம் ஓம் எண்டு சொல்லி, வைனைக் குடிச்சு, சீஸைத் திண்டு, சனத்துக்கு ஓட்டோகிராபும் போட்டவனாம்."

மேசை சிரித்தது. நான் தண்ணீர்க் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவரும் சிரித்தார், மற்றவர்களை விடக் கொஞ்சம் கூடவே சிரித்தார். சிரிப்பு அடங்கிய பிறகு, "பிறகு அந்தத் தாய்க்கு என்ன நடந்ததாம்?" என்று கேட்டார்.

"எந்தத் தாய், அண்ணை?"

"அமெரிக்கன்ர தாய்."

"தாயோ? அப்பிடி ஒராள் கதையில இல்லையே."

என் கணவர் தலையை மட்டும் ஆட்டினார். அவரைத் தாண்டி என் வாய் திறந்துவிட்டது. "இருந்தவ," என்றேன். "வாசலில, பெட்டிக்கு மேல இருந்தவ. அவவின்ர கதிரையில நாங்கள்தான் இருந்தனாங்கள்."

இளைஞன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு முகம் கறுத்துவிட்டது. "எனக்குத் தெரியாது அக்கா, ஆரோ சொன்னதைச் சொன்னன்," என்றான். பக்கத்திலிருந்த பெண் என் கையை லேசாகத் தொட்டாள். நல்லவேளையாக இலையும் சோறும் வந்தன.

திரும்பி வரும்போது ரயிலில் என் கணவர் கண்ணாடிப் பக்கம் சாய்ந்து இருந்தார். பேர்ண் வந்தபோது, "சொல்லியிருக்கத் தேவையில்லை," என்றார்.

நான் சொன்னது சரி என்றுதான் நினைத்தேன். ஆனாலும் எங்கள் நிலையத்தில் இறங்கும்வரை என் காது சூடு ஆறவில்லை.